விகிதத்தை யார் எழுதுவது?

பொறியியல் கல்லூரிகளில் மூன்றாம் ஆண்டிலோ நான்காம் ஆண்டிலோ பொறியியல் பொருளியல் என்று ஒரு தாள் வரும். மாணவர் வழக்கில் அது ‘ஸ்கோரிங் பேப்பர்’. கேள்வியின் அச்சு பெரும்பாலும் மாறாது. இரண்டு பம்புகள், ஒன்று விலை குறைவு, ஆனால் கரண்டை அதிகம் இழுக்கும், மற்றது விலை கூடுதல், ஆனால் நீண்ட நாள் உழைக்கும். ஆண்டு வட்டி 12 சதவீதம் எனக் கொண்டு எதை வாங்குவது லாபம் என்று கணக்கிடுக. புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் வட்டி அட்டவணை இருக்கிறது. சரியான எண்ணைப் பிடித்துப் பெருக்கினால் 13 மதிப்பெண்.

இந்தத் தாளைக் குறைத்துப் பேச வேண்டியதில்லை. இன்று கையில் இருக்கும் நூறு ரூபாயும் பத்து வருடம் கழித்து வரப்போகும் நூறு ரூபாயும் ஒன்றல்ல என்ற அடிப்படை இதில் நன்றாகவே பதிகிறது. தேய்மானம், மாற்றுத் திட்டங்களை ஒப்பிடுவது, பழைய இயந்திரத்தை எப்போது கழற்றிப் போடுவது போன்ற பாடங்கள் ஒரு தொழிற்சாலை மேலாளருக்குத் தாராளமாகப் போதும். ஆனால் ‘12 சதவீதம் எனக் கொண்டு’ என்ற வரியில் யாரும் நிற்பதில்லை. வானத்திலிருந்து விழுந்ததுபோல அது வினாத்தாளில் அச்சாகியிருக்கிறது. முதுநிலையில் இதே பாடத்தை எடுப்பவர் முதல் பருவத்திலேயே மல்லுக்கட்ட வேண்டியது அந்த வரியோடுதான். அங்கே விகிதம் கொடுக்கப்பட்டிருக்காது. அதைத் தேடுவதே வேலை. மேல்படிப்பில் கணிதம் கடினமாகிறது என்பார்கள். ஆகிறதுதான், ஆனால் கணிதத்தை ஆறு மாதத்தில் கற்றுக்கொள்ளலாம்.

அந்த ஓர் எண்ணுக்கு எவ்வளவு பலம் என்பதைச் சூரிய மின்நிலையக் கணக்கில் பார்க்கலாம். ஒரு மெகாவாட் அமைக்க 4 கோடி ரூபாய், ஆயுள் 25 ஆண்டு, வருடம் முழுக்கச் சராசரியாகத் திறனில் 20 சதவீத உற்பத்தி என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 17.52 லட்சம் யூனிட் கிடைக்கும். பராமரிப்பை ஒதுக்கிவிட்டு, போட்ட முதலை மட்டும் 25 சமத் தவணைகளாக்கினால், 6 சதவீத வட்டியில் ஆண்டுத் தவணை 31.3 லட்சம், யூனிட்டுக்கு 1 ரூபாய் 79 காசு. 12 சதவீத வட்டியில் தவணை 51 லட்சம். யூனிட்டுக்கு 2 ரூபாய் 91 காசு. வெயிலும் தகடும் நிலமும் மாறவில்லை, விலை மட்டும் ஏறிவிட்டது. அனல்மின் நிலையத்தில் வித்தியாசம் இவ்வளவு பெரிதாகத் தெரியாது. அதன் செலவில் பெரும்பங்கு நிலக்கரி; அந்தச் செலவு ஆண்டுதோறும் பிரிந்து பிரிந்து வருகிறது. ஆகவே சூரிய மின்சாரம் மலிவா, நிலக்கரி மின்சாரம் மலிவா என்று தீர்ப்புச் சொல்லும் பொறியாளர், தெரிந்தோ தெரியாமலோ, ஒரு வட்டி விகிதத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டுத்தான் வாயைத் திறக்கிறார்.

இந்தத் துறையைத் தொடங்கி வைத்தவர்கள் பொருளியல் பேராசிரியர்கள் அல்லர். பாலமும் பாதையும் போட்டவர்கள். பிரெஞ்சு அரசின் பாலங்கள், சாலைகள் துறைப் பொறியாளர் ஜூல் துப்யூய் 1844இல் ஒரு கேள்வி கேட்டார்: பொதுப்பணிகளின் பயனை எதைக் கொண்டு அளப்பது? சுங்கமாக வசூலாகும் தொகைதான் பாலத்தின் பயன் என்றால், சுங்கமே இல்லாத பாலத்துக்குப் பயனே இல்லை என்றாகிவிடும். பத்துக் காசு கொடுக்கவும் தயாராக இருந்த ஒருவர் மூன்று காசில் ஆற்றைக் கடந்துவிட்டால், ஏழு காசு அவர் மடியில் தங்குகிறது. வசூல் கணக்கில் அது ஏறாது. நாட்டுக் கணக்கில் ஏற வேண்டும். மூன்று காசுக்கும் வழியில்லாமல் சுற்றிப் போகிறவரின் இழப்பு இரண்டு கணக்கிலுமே இல்லை. பிற்காலப் பொருளியலின் நுகர்வோர் உபரி என்ற கருத்து இந்தப் பாலத்தடியில் பிறந்தது. அமெரிக்காவில் ஆர்தர் வெல்லிங்டன் 1877இல் ரயில் பாதையை எங்கே போடுவது என்பதையே பொருளியல் கேள்வியாக்கி ஒரு நூல் எழுதினார். ஸ்டான்ஃபர்டில் ஃபிஷ் 1915இலும் யூஜின் கிராண்ட் 1930இலும் எழுதிய பாடநூல்கள் நம் கல்லூரிகளில் ஓடும் பாடத்திட்டத்துக்கு முன்னோடிகள்.

துப்யூயின் கேள்விக்கு இன்னும் வயதாகவில்லை. இந்திய அரசின் 2017ஆம் ஆண்டு மெட்ரோ ரயில் கொள்கை, டிக்கெட் வருமானத்தைப் பார்த்து நிதி வருவாய் 8 சதவீதமா என்று கேட்ட பழைய அளவுகோலைக் கைவிட்டு, பொருளாதார வருவாய் 14 சதவீதமா என்று கேட்கிறது. பயணிகள் மிச்சப்படுத்தும் நேரம், குறையும் புகை, தவிர்க்கப்படும் விபத்து ஆகிய எல்லாவற்றுக்கும் இப்போது ரூபாயில் விலை போட்டாக வேண்டும். அந்த விலைப்பட்டியலில்தான் ஆய்வு மாணவருக்கு வேலை. சித்தாள் ஒருவரின் அரைமணி நேரமும் ஐ.டி. ஊழியரின் அரைமணி நேரமும் ஒரே விலையா? சம்பளத்தை வைத்து நேரத்துக்கு விலை போட்டால், வசதியானவர்கள் குடியிருக்கும் பக்கம் போகும் பாதைதான் எப்போதும் ஜெயிக்கும். எல்லோருக்கும் ஒரே விலை என்றால், அந்தச் சமத்துவத்தைப் பொறியாளர் எந்த அதிகாரத்தில் எழுதினார் என்று கேட்பார்கள்.

முதுநிலை வகுப்பில் ஒரே ஓர் ஆவணத்தை வைத்துப் பாடம் நடத்தச் சொன்னால், 1886 அக்டோபர் 29ஆம் தேதியிட்ட முல்லைப் பெரியாறு குத்தகைப் பத்திரத்தைத்தான் எடுப்பேன். தேனிப் பக்கம், அணையைக் கட்டிய பென்னிகுவிக்கின் படம் மாட்டிய வீடுகள் உண்டு. அணையின் உறுதியையும் உரிமையையும் பற்றித் தமிழ்நாடும் கேரளமும் நீதிமன்றத்தில் பேசியது ஏராளம். அந்த வழக்குக்குள் நான் போகவில்லை. வாடகையை மட்டும் பார்ப்போம். திருவிதாங்கூர் அரசு 8,000 ஏக்கரை 999 ஆண்டுகளுக்குச் சென்னை மாகாணத்துக்குக் குத்தகைக்குக் கொடுத்தது. ஏக்கருக்கு ஆண்டுக்கு 5 ரூபாய்; மொத்தம் 40,000 ரூபாய்.

999 என்று கேட்டதும் பலருக்குச் சுருக்கென்கிறது. மேடையில் பேசுகிறவர்களும் அந்த எண்ணைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். கணக்கு வேறு மாதிரிச் சொல்கிறது. வருங்காலப் பணத்தை இன்றைய மதிப்புக்குக் குறைக்கும் தள்ளுபடி விகிதம் 4 சதவீதம் என்று கொள்வோம். அக்காலத்து இந்திய அரசின் ரூபாய்க் கடன் பத்திரங்களும் ஏறக்குறைய அந்த வட்டியில்தான் இருந்தன. ஆண்டுக்கு 40,000 ரூபாய் வீதம் 999 ஆண்டுகளுக்கு வரும் வாடகையின் அன்றைய மதிப்பு 10 லட்சம் ரூபாய். அதையே 99 ஆண்டுக் குத்தகையாக எழுதியிருந்தால் 9 லட்சத்து 79 ஆயிரத்து சொச்சம். கூடுதலாக எழுதிக்கொடுத்த 900 ஆண்டுகளின் மொத்த மதிப்பு சுமார் 20,600 ரூபாய், அதாவது ஏறக்குறைய அரை வருட வாடகை. கையெழுத்துப் போடும்போது திருவிதாங்கூர் தரப்பு ஓர் ஆண்டு வாடகையைக் கூடுதலாகக் கேட்டு வாங்கியிருந்தால், ஒன்பது நூற்றாண்டுக்கும் ஈடாகி மிச்சமும் இருந்திருக்கும். இது சூத்திரம் சொல்லும் விடை. பிழையும் கிடையாது.

இளநிலை மாணவர் இத்துடன் கோடு போட்டு முடிக்கலாம். மேலே படிப்பவர் அந்த 40,000 மீது சந்தேகப்பட வேண்டும். வாடகை ரூபாயில் உறைந்து நிற்கிறது. விலைவாசியோ விளைச்சலின் மதிப்போ ஏறினால் வாடகையும் ஏற வேண்டும் என்ற விதி பத்திரத்தில் இல்லை. ஆண்டுக்கு 3 சதவீதம் வாடகை உயரும் என்று ஒரே ஒரு வரி சேர்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அதே 4 சதவீதத் தள்ளுபடியில் குத்தகையின் மதிப்பு 10 லட்சத்திலிருந்து 40 லட்சமாகியிருக்கும். இன்னொன்றும் நடக்கும். இப்போது 99 ஆண்டுக் குத்தகை சுமார் 24.6 லட்சம் மட்டுமே பெறும். மிச்சமுள்ள 900 ஆண்டுகளின் பங்கு 15 லட்சத்துக்கும் மேல். தொடக்க வாடகையில் 38 வருடத் தொகை. சற்று முன் அரை வருட வாடகைக்குச் சமமாக இருந்த அதே ஒன்பது நூற்றாண்டுகள்தான் இவை. எத்தனை ஆண்டுக் குத்தகை என்பது சில்லறை விஷயமாகத் தெரிந்ததற்குக் காரணம், வாடகை ஏறாது என்று எழுதியதுதான். காலவரையைப் பற்றி உணர்ச்சிவசப்படுகிற இரு தரப்பும் உண்மையில் பார்த்திருக்க வேண்டிய இடம் வேறு.

அந்தப் பத்திரத்தில் விலையே போடப்படாத ஒன்றும் இருந்தது. 1886இல் இந்தியாவில் நீர்மின்சாரம் கிடையாது. டார்ஜிலிங்கில் முதல் சிறு நிலையம் வந்ததே 1897இல்தான். மேற்குத் தொடர்ச்சி மலையைத் துளைத்து வைகைப் பக்கம் இறங்கும் நீரில் பாசனத்தைத் தவிர வேறொரு சொத்தும் இருக்கிறது என்று யாருக்கும் தோன்றவில்லை. பிற்பாடு சென்னை மாகாணம் மின்சாரம் எடுக்க நினைத்தபோது தகராறு நடுவரிடம் போயிற்று. 1941இல் வந்த தீர்ப்பு, நீர் பாசனத்துக்கு மட்டுமே என்றது. 1970இல் எழுதிய துணை ஒப்பந்தங்களில்தான் வாடகை ஏக்கருக்கு 30 ரூபாயாகி, 30 ஆண்டுக்கு ஒருமுறை திருத்தலாம் என்ற விதியும், மின் உற்பத்திக்குத் தனிக் கட்டணமும் வந்தன. எதிர்காலத்தில் என்ன தெரியவரும் என்பது இன்று தெரியாது; அது தெரியும்வரை கையைக் கட்டிப்போடாமல் இருப்பதற்கே ஒரு விலை உண்டு. கென்னத் ஆரோவும் அந்தோனி ஃபிஷரும் 1974இல் காடு, பள்ளத்தாக்கு போன்ற, போனால் திரும்பாதவற்றைக் குறித்து இதைக் கணித வடிவில் நிறுவினார்கள். நிறுவன முதலீடுகளில் இதே சிந்தனை 1977இல் ஸ்டுவர்ட் மயர்ஸ் வழியாக வந்து, இன்று எண்ணெய்க் கிணறு முதல் விமான நிலைய விரிவாக்கம்வரை எல்லா முதுநிலைப் பாடங்களிலும் ஓர் அத்தியாயம் பிடித்திருக்கிறது. முப்பதாண்டுக்கு ஒருமுறை திருத்தலாம் என்ற 1970இன் விதியின் விலை என்ன என்பது நல்ல தேர்வுக் கேள்வி.

மறுபடியும் 4 சதவீதத்துக்கு வருவோம். கடன் பத்திரத்தின் வட்டியை எடுத்துக்கொண்டேன். அது சரியா? கேம்பிரிட்ஜ் கணிதவியலர் ஃபிராங்க் ராம்சே, 26 வயதில் இறந்துபோனவர், 1928இல் எழுதிய கட்டுரையிலிருந்துதான் இன்றைய விவாதம் கிளைக்கிறது. அவர் வழிவந்த சூத்திரத்தைச் சொல்லில் இப்படி எழுதலாம்: தள்ளுபடி விகிதம் என்பது இரண்டு தொகைகளின் கூட்டல். முதலாவது நம் பொறுமையின்மை. இரண்டாவது, நாளைய மக்கள் நம்மைவிட வசதியாக இருப்பார்கள் என்பதால் அவர்களுக்குக் கிடைக்கும் ஒரு ரூபாயின் அருமை குறைவு என்ற கணக்கு. வளர்ச்சி விகிதத்தை அருமை குறையும் வேகத்தால் பெருக்க வேண்டும். பின்னால் வருகிறவர்களின் சுகத்தைப் பின்னால் வருகிறது என்பதற்காகவே குறைத்து மதிப்பது நியாயமில்லை என்று ராம்சேயே கருதினார்.

2006இல் பருவநிலை மாற்றம் குறித்த தம் அறிக்கையில் நிக்கலஸ் ஸ்டெர்ன் பொறுமையின்மைக்கு ஏறக்குறைய பூஜ்யம் போட்டார், விகிதம் 1.4 சதவீதம் வந்தது. வில்லியம் நார்ட்ஹாஸ் சந்தையில் மூலதனம் உண்மையில் என்ன ஈட்டுகிறதோ அதற்கு ஒத்துப்போக வேண்டும் என்றார். அவர் விகிதம் சுமார் 5.5. கேட்க நான்கு சதவீத வித்தியாசம்தான். நூறு ஆண்டு கழித்து ஏற்படப்போகும் 100 கோடி ரூபாய்ச் சேதத்தைத் தடுக்க இன்று எவ்வளவு செலவிடலாம்? ஸ்டெர்ன் கணக்கில் கிட்டத்தட்ட 25 கோடி. நார்ட்ஹாஸ் கணக்கில் 47 லட்சம். இருவரும் வெப்பநிலையைப் பற்றிப் பெரிதாக முரண்படவில்லை. கொள்ளுப்பேரர்களுக்கு நாம் எவ்வளவு கடன்பட்டிருக்கிறோம் என்பதில்தான் தகராறு.

அரசுகள் இந்தத் தகராறை ஆணை போட்டுத் தீர்க்கின்றன. பிரிட்டிஷ் கருவூலம் 2003 முதல் 3.5 சதவீதம் என்று வைத்து, 30 ஆண்டுக்கு அப்பால் படிப்படியாகக் குறைக்கிறது. அமெரிக்க நிதிநிலை அலுவலகம் 1972இல் 10 சதவீதம் என்றது, 1992இல் 7 என்றது, 2003இல் 3ஐயும் 7ஐயும் இரண்டையும் போட்டுக் காட்டு என்றது, 2023இல் 2 என்றது. 2025இல் ஆட்சி மாறியதும் அந்தத் திருத்தம் ரத்தாயிற்று. எந்தப் புதிய ஆராய்ச்சி முடிவும் அந்தக் கடைசி மாற்றத்துக்குக் காரணமில்லை. நம் நாட்டில் ஒரே அரசு, ஒரே ரூபாய், துறைக்கு ஓர் அளவுகோல்: மெட்ரோவுக்கு 14 சதவீத வருவாய், பாசனத் திட்டத்துக்குப் பயன்–செலவு விகிதம் 1.5, வறட்சிப் பகுதி என்றால் 1 போதும். வறண்ட மாவட்டத்துக்குக் கொடுக்கும் இந்தச் சலுகை நியாயமானது என்றே நினைக்கிறேன். ஆனால் அது அரசியல் தீர்மானம் என்று வெளிப்படையாகச் சொல்லாமல் கணக்கின் பகுதிபோல உட்கார வைத்திருப்பது சரியில்லை.

இந்த இடத்தில் மூன்று பொருளியலாளர்கள் கண்ட வழி எனக்கு மிகவும் பிடித்தது. பார்த்தா தாஸ்குப்தா, ஸ்டீபன் மார்க்லின், அமர்த்தியா சென் மூவரும் ஐ.நா. தொழில் வளர்ச்சி அமைப்புக்காக 1972இல் திட்ட மதிப்பீட்டுக்கான வழிகாட்டி நூல் ஒன்றை எழுதினார்கள். அதே காலத்தில் லிட்டிலும் மிர்லீசும் உலகச் சந்தை விலையை அடிப்படையாக்கி எழுதிய கையேடு அதற்குப் போட்டி. இரண்டிலும் நிழல் விலை என்ற கருத்து மையம்: வேலையில்லாத் திண்டாட்டம் இருக்கும் ஊரில் ஒரு கூலியாள் அணை வேலைக்கு வந்தால், அவருக்குக் கொடுக்கும் கூலி முழுவதும் சமூகத்துக்குச் செலவல்ல, அவர் வேறு எங்கு என்ன விளைவித்திருப்பாரோ அதுதான் செலவு. விகிதத்தைப் பற்றி தாஸ்குப்தா குழு சொன்னதைத்தான் இங்கே குறிப்பிட வேண்டும். அதைத் தெரியாத எண்ணாகவே விடு என்றார்கள். எந்த விகிதம்வரை திட்டம் தேறுகிறது, எதற்கு மேல் போனால் தோற்கிறது என்ற எல்லைப் புள்ளியைக் கண்டுபிடித்து, அமைச்சர் முன் வை. அவர் திட்டத்தை ஏற்றால், எதிர்காலத்துக்கு அவர் கொடுக்கும் எடை இவ்வளவு என்பது பதிவாகிறது. பல திட்டங்களில் இப்படிப் பதிவானவற்றை ஒப்பிட்டால் அரசின் உண்மையான விகிதம் தானே வெளியே வரும், முரண்பாடுகளும் சேர்ந்தே வரும். பொறியாளர் ரகசியமாக எழுதிய எண்ணை அரசியல்வாதி வெளிச்சத்தில் எழுத வேண்டிய நிலைமை. நடைமுறையில் இது பெரிதாக வேரூன்றவில்லை என்பதில் ஆச்சரியமில்லை. யார்தான் அப்படி மாட்டிக்கொள்ள விரும்புவார்கள்?

கணக்கு சரியாக இருந்தும் தோற்ற கதை ஒன்று உண்டு. அமெரிக்காவில் 1936இல் வந்த வெள்ளத் தடுப்புச் சட்டம், யாருக்குப் பயன் போய்ச் சேர்ந்தாலும் மொத்தப் பயன் செலவைவிட அதிகமாக இருக்க வேண்டும் என்று விதித்தது. பயன்–செலவு ஆய்வு அரசு அலுவலகத்துக்குள் நுழைந்த வாசல் அது. விகிதம் 3 சதவீத வாக்கில் இருந்த காலம் முழுக்க அணைகள் எளிதாகத் தேறின; பின்னாளில் விகிதத்தை உயர்த்தியபோது, ஏற்கெனவே அனுமதி பெற்றவற்றுக்குப் பழைய விகிதமே என்று விலக்கும் கொடுத்தார்கள். டென்னசி பள்ளத்தாக்கு ஆணையம் கட்டிய டெல்லிகோ அணை, விரல் நீள மீன் ஒன்றின் அழிவைக் காரணம் காட்டி 1978இல் உச்ச நீதிமன்றத்தால் நிறுத்தப்பட்டது. விலக்கு அளிக்கலாமா என்று பார்க்க அமைச்சர்கள் மட்டத்தில் ஒரு குழு 1979 ஜனவரியில் கூடியது. அணை 95 சதவீதம் முடிந்திருந்தது. முடித்துவிடுவார்கள் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள்.

செலவான பணம் செலவானதுதான், அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்பது இளநிலைப் பாடத்திலேயே உண்டு. அந்த விதி அணைக்குச் சாதகமாகத்தான் இருக்க வேண்டும்: மிச்சமுள்ள 5 சதவீதச் செலவுக்கு முழு அணையின் பயனும் கிடைக்கிறதே. ஆனால் குழுவின் ஆய்வாளர்கள் ஒரு வேறுபாட்டைக் கவனித்தார்கள். நிலத்தை வாங்கக் கொடுத்த பணம் மூழ்கிப்போன செலவு. நிலம் இன்னும் மூழ்கவில்லை. மதகை மூடாதவரை அந்தப் பள்ளத்தாக்கில் உழுது பயிரிடலாம். ஆகவே நிலத்தின் மதிப்பு இன்னும் செய்யப்படாத செலவு. அதைச் சேர்த்ததும் ஆண்டுச் செலவு சுமார் 72 லட்சம் டாலர், ஆண்டுப் பயன் சுமார் 65 லட்சம் டாலர் என்று வந்தது. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு முடிந்த அணையை முடிப்பதும் நஷ்டம் என்று குழு ஒருமனதாகத் தீர்மானித்தது. மீனைப் பற்றிய பேச்சுக்கே தேவை வரவில்லை. அதே ஆண்டு, வேறொரு செலவின மசோதாவில் ஒரு திருத்தத்தைச் செருகி நாடாளுமன்றம் அணைக்கு விலக்கு அளித்தது. நவம்பரில் மதகு மூடப்பட்டது. இதைப் படித்துவிட்டுச் சில மாணவர்கள், பின் எதற்கு இந்தக் கணக்கு என்று கேட்பார்கள். கணக்கு இருந்ததால்தான் நாம் இன்று அந்தத் தீர்மானத்தின் விலையைச் சொல்ல முடிகிறது என்பது என் பதில். அது எல்லோரையும் திருப்திப்படுத்தாது.

எங்கே படிப்பது என்ற விஷயத்தில் நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஸ்டான்ஃபர்டில் 1967இல் பொறியியல்–பொருளியல் அமைப்புகள் என்றே ஒரு துறை இருந்தது. முடிவுப் பகுப்பாய்வு என்ற பெயரைச் சூட்டிய ரொனால்ட் ஹோவர்ட் அதை அங்கேதான் வளர்த்தார். அந்தத் துறை 2000இல் மேலாண்மை அறிவியல், பொறியியல் துறையில் கரைந்துவிட்டது. கார்னகி மெலனில் பொறியியலும் பொதுக்கொள்கையும் ஒரே கூரையின் கீழ் ஒரு துறை. நம் நாட்டில் இந்தப் பெயரில் தேடினால் ஏமாற்றம்தான். தொழிற்சாலைப் பொறியியல், நீர்வளம், போக்குவரத்து, எரிசக்தி என்று எம்.டெக். படிப்புகளில் விருப்பப் பாடமாகச் சிதறிக் கிடக்கிறது. நிகழ்தகவும் நுண்பொருளியலும் உறுதியாக இருந்தால் எந்தத் துறையில் சேர்ந்தாலும் பாதகமில்லை. கூடவே ஒன்று வேண்டும்: கொடுத்த எண்ணை நம்பாத குணம். பெண்ட் ஃப்லிவ்பியர் குழு 2002இல் 258 போக்குவரத்துத் திட்டங்களை ஆராய்ந்ததில் பத்தில் ஒன்பது மதிப்பீட்டைத் தாண்டிச் செலவாகியிருந்தன. ரயில் திட்டங்களில் சராசரி மிகைச் செலவு 45 சதவீதம். தவறுதலாக நடந்திருந்தால் சில கூடியும் சில குறைந்தும் இருக்க வேண்டும். எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்தால் தராசைத்தான் பார்க்க வேண்டும்.

நம் தராசு ஒன்றைப் பார்த்துவிடலாம். பாசனத் திட்டங்களுக்கு மத்திய நீர் ஆணையத்தின் முறையில் ஆண்டுப் பயனை ஆண்டுச் செலவால் வகுக்கிறார்கள். ஆண்டுச் செலவில் மொத்த மதிப்பீட்டின் மீது 10 சதவீத வட்டி, தேய்மானம், பராமரிப்பு. 1,000 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றைக் கற்பனை செய்வோம்: வட்டி 100 கோடி, தேய்மானம் 10 கோடி, பராமரிப்பு 20 கோடி, ஆக 130. ஆண்டுப் பயன் 195 கோடி என்றால் விகிதம் சரியாக 1.5. திட்டம் தேறிவிட்டது. இதில் கட்டி முடிக்க எத்தனை ஆண்டு என்ற கேள்வியே எழவில்லை. அதே எண்களைக் காலவரிசையில் போட்டு 10 சதவீதத்தில் தள்ளுபடி செய்து பார்க்கலாம். செலவை 5 ஆண்டுகளில் சமமாகப் பிரித்து, ஆறாம் ஆண்டிலிருந்து 50 ஆண்டுகளுக்குப் பராமரிப்பு போக 175 கோடி பயன் என்றால், இன்றைய மதிப்பில் செலவு 758 கோடி, பயன் 1,077 கோடி. நல்ல திட்டம். கட்டுமானம் 15 ஆண்டு இழுத்துவிட்டால்? செலவு ஒரு ரூபாய்கூட ஏறவில்லை என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும், செலவு 507 கோடி, பயன் 415 கோடி. நஷ்டத் திட்டம். கோப்பில் இருக்கும் விகிதம் மட்டும் அசையாமல் 1.5.

பதினைந்து ஆண்டு என்பது மிகைப்படுத்தல் அல்ல. சர்தார் சரோவருக்கு 1961இல் அடிக்கல், 2017இல்தான் நாட்டுக்கு அர்ப்பணிப்பு. வழியில் வழக்கு, மறுகுடியமர்த்தல், தீர்ப்பாயம் என்று ஆயிரம் இருந்தன. ஆனால் அப்படியொன்றும் நேராத பெரிய அணை அபூர்வம். முடிந்துபோன ஏதாவது ஒரு பாசனத் திட்டத்தின் விரிவான திட்ட அறிக்கையை எடுத்து, பயிர் முறையையோ விளைச்சல் அனுமானங்களையோ தொடாமல், கட்டுமான அட்டவணையை மட்டும் உண்மையான தேதிகளால் மாற்றி எழுதினாலே ஓர் ஆய்வேட்டுக்கு வேண்டிய சரக்கு கிடைக்கும். தேவைப்படுவது ஒரு விரிதாளும், ஒவ்வொரு நிதியாண்டிலும் உண்மையில் செலவான தொகையும். இரண்டாவதைக் கையில் வாங்குவதுதான் பாடு. தலைமைப் பொறியாளர் அலுவலகத்துக்கு ஒரு தகவல் அறியும் உரிமைச் சட்ட மனுவை எழுதிப் போடுவதிலிருந்து வேலையைத் தொடங்க வேண்டியிருக்கும்.